யாருடைய தோல்? பத்துமலைச் சந்தனம் முதல் செம்பனைத் தோட்டம் வரை



"இயற்கைச் சருமப் பராமரிப்புப் பொருள்களின் நன்மைகள்" என்று ஒரு தலைப்பைக் கரும்பலகையில் எழுதிவிட்டால் வகுப்பில் என்ன வரும் என்று நமக்கெல்லாம் தெரியும்தானே? முதல் பத்தியில் பக்க விளைவு இல்லை. இரண்டாவதில் முகம் பொலிவு பெறும். மூன்றாவதில் நம் முன்னோர் பயன்படுத்தினார்கள். கடைசியில், ஆகவே அனைவரும் பயன்படுத்த வேண்டும். எழுத்துப்பிழை இல்லாவிட்டால் ஓரளவு நல்ல புள்ளியும் கிடைத்துவிடும். ஆனால் அந்தக் கட்டுரையில் ஓர் ஊர் இருக்காது, ஓர் ஆண்டு இருக்காது. "முன்னோர்" என்றால் யார், எந்தக் காலத்தில், எதைப் பூசினார்கள்? அதைக் கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடும்.

அந்த வெற்றிடத்தை நிரப்பத்தான் இந்தக் கட்டுரை. நமக்குப் பக்கத்திலேயே இருக்கும் பத்துமலையில் இருந்து தொடங்குவோம்.

கோலாலம்பூரின் வடக்கே உள்ள அந்தச் சுண்ணாம்புக் குன்றில் முருகன் வழிபாட்டைத் தொடங்கியவர் தம்புசாமிப் பிள்ளை. 1892 முதல் அங்கே தைப்பூசம் கொண்டாடப்படுகிறது. 272 படிகளும் 2006-இல் திறக்கப்பட்ட 42.7 மீட்டர் உயர முருகன் சிலையும்தான் படங்களில் முதலில் கண்ணில் படும். நீங்கள் கீழே நடக்கும் கூட்டத்தைப் பாருங்கள். மொட்டையடித்த தலைகள், எல்லாம் மஞ்சள் நிறத்தில் மினுங்கும். கைக்குழந்தை முதல் தாத்தா வரை அதே பூச்சு. முடி இறக்கியதும் சந்தனம் பூசுவது சடங்கு என்று சொல்வோம். சடங்குதான். ஆனால் அதற்குள் ஒரு தோல் வைத்தியமும் இருக்கிறது. சவரக் கத்தி பட்ட தோலில் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் நிறைய இருக்கும். அதுவரை வெயிலே படாத தலைத்தோல், முடி போனதும் நேராக நம் ஊர் வெயிலில் நிற்கும். குழைத்த சந்தனத்தில் இருக்கும் நீர் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. அதனால்தான் அந்தக் குளிர்ச்சி. பூச்சு காய்ந்தபின் மெல்லிய திரையாக வெயிலையும் கொஞ்சம் தடுக்கிறது. மஞ்சளும் சேர்த்துக் குழைத்தால் கீறலுக்கு அதுவே மருந்து என்பது பாட்டிமார் நம்பிக்கை. அந்த நம்பிக்கை ஒருநாள் அமெரிக்காவில் வழக்காக மாறியது. அதற்குப் பிறகு வருகிறேன்.

சந்தனத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம். சந்தன மரம் தனியாக வளராது. தன் வேரைப் பக்கத்து மரத்தின் வேரோடு இணைத்து நீரையும் சத்தையும் உறிஞ்சிக்கொண்டு வளரும். வாசனை மேல்மரத்தில் இல்லை, உள்ளே இருக்கும் வைரத்தில். அது நன்றாக ஊறப் பல ஆண்டுகள் வேண்டும். அதனால்தான் அரசர்கள் அதன்மேல் கண் வைத்தார்கள். 1792-இல் மைசூரின் திப்பு சுல்தான் சந்தனத்தை அரச மரமாக அறிவித்தார். (நம் பிள்ளையார் உட்காரும் அரசமரம் இல்லை, அரசனுக்குச் சொந்தமான மரம்! மாணவர்கள் இந்த இடத்தில் குழம்புவதுண்டு.) முதல் உலகப் போர் வந்தபோது ஐரோப்பாவுக்குப் போய்க்கொண்டிருந்த சந்தனக் கட்டைகள் தேங்கின. அப்போது மைசூர் மன்னர் நான்காம் கிருஷ்ணராஜ உடையாரும் திவான் விசுவேசுவரையாவும் 1916-இல் சந்தன எண்ணெய் ஆலையைத் தொடங்கினார்கள். அந்த எண்ணெயில் இருந்து பிறந்ததுதான் நம் வீட்டுக் குளியலறையில் பலரும் பார்த்திருக்கும் மைசூர் சாண்டல் சவர்க்காரம். போரால் ஏற்றுமதி நின்று, அதனால் ஒரு சவர்க்காரம் பிறந்தது. வரலாற்றுத் தேர்வில் "காரணம் – விளைவு" கேள்விக்கு இதைவிட மணமான எடுத்துக்காட்டு எனக்குக் கிடைத்ததில்லை.

இன்று இந்தியச் சந்தன மரம் அழியும் ஆபத்தை நோக்கிச் செல்லும் இனங்களின் உலகப் பட்டியலில் இருக்கிறது. அதன் விலையும் உங்களுக்குத் தெரியும். எனவே சில ரிங்கிட்டுக்கு ஒரு பெரிய பொட்டலம் "சுத்தச் சந்தனப் பொடி" கிடைத்தால், மரத்தின் விலையையும் பொடியின் விலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே போதும். கணக்கு ஆசிரியர் உதவிகூடத் தேவைப்படாது.

இப்போது இலக்கியப் பக்கம் திரும்புவோம். சிலப்பதிகாரக் கடலாடு காதையில் மாதவியின் குளியலை இளங்கோ விவரிக்கும் இடம் நினைவிருக்கிறதா? பத்து வகைத் துவர், ஐந்து வகை விரை, முப்பத்திரண்டு வகை ஓமாலிகை, இவையெல்லாம் ஊறிய நீரில் அவள் கூந்தலைக் கழுவி, புகையில் உலர்த்தி, கத்தூரிக் குழம்பு ஊட்டுகிறார்கள். நாம் "ஆடம்பர வருணனை" என்று ஒரு வரியில் முடித்துவிட்டு அடுத்த பகுதிக்குப் போய்விடுகிறோம். ஆனால் உரையாசிரியர் அடியார்க்குநல்லார் அப்படிப் போகவில்லை. அந்தப் பத்துத் துவரும் எவை என்று பட்டியலே தருகிறார்: பூவந்தி, கடுக்காய், தான்றிக்காய், நெல்லிக்காய், கருங்காலி, நாவல், பிறகு பாலுள்ள நான்கு மரங்களான ஆல், அரசு, அத்தி, இத்தி. பூவந்தி வேறொன்றுமில்லை, தேய்த்தால் நுரைக்கும் பூந்திக்கொட்டைதான். மற்றவை பெரும்பாலும் துவர்ப்பு உள்ளவை. தோலைச் சுருக்கி இறுக்கும் தன்மை துவர்ப்புக்கு உண்டு. அதாவது ஒரு நுரை தரும் பொருள், அதோடு ஒன்பது துவர்ப்புப் பொருள்கள். இன்றைய குளியல் திரவப் புட்டியின் பின்பக்கப் பட்டியலைப் போலத்தான் இதுவும், தமிழில் இருக்கிறது என்பதுதான் வேறுபாடு.

நாங்கள் மட்டும்தான் என்று பெருமை பேச வேண்டாம். நம் மலாய் அண்டை வீட்டார் அரிசியைப் பல நாள் ஊறவைத்து, அரைத்து, துளித்துளியாக இட்டு வெயிலில் காயவைக்கும் பெடாக் செஜூக் இருக்கிறதே, அதுவும் இதே அறிவின் இன்னொரு கிளை. வெப்ப நாட்டில் தோலுக்கு முதல் தேவை குளிர்ச்சி. இருவரும் அதைத்தான் கண்டுபிடித்தார்கள்.

இங்கே ஒன்றைக் கவனிக்கச் சொல்வேன், குறிப்பாக இலக்கியம் எடுக்கும் மாணவர்களிடம். சங்க இலக்கியத்தில் பெண்ணின் நிறத்தைப் புகழும் சொல் எது? மாமை. மாந்தளிரின் நிறம் என்று உரைகாரர்கள் சொல்வார்கள். கருமை கலந்த பளபளப்பு. மாயோள் என்று தலைவியை அழைப்பதும் அந்த நிறத்தை வைத்துத்தான். சரி, தலைவியின் நிறம் வெளுத்துப் போவதற்கு என்ன பெயர்? பசலை. அது அழகு இல்லை, பிரிவினால் வந்த நோய். தோழி கவலைப்படுகிறாள், தாய் கவலைப்படுகிறாள், மருந்து தலைவன் திரும்பி வருவது ஒன்றுதான். அப்படிப் பாடிய மொழியைப் பேசும் நாம், "14 நாளில் வெண்மை" என்று எழுதிய டப்பாவை வாங்கிக்கொண்டு, அதற்கு "முன்னோர் வழி" என்று பெயரும் வைக்கிறோம். சந்தனமும் மஞ்சளும் நலங்கு மாவும் தோலைக் குளிர்விக்க, அழுக்கு நீக்க, மணக்க வந்தவை. வெளுக்க வைப்பது அவற்றின் வேலையாக இருந்ததில்லை. அந்த ஆசை நவீனச் சந்தை வளர்த்தது. இந்தியாவில் ஃபேர் அண்ட் லவ்லி விற்பனைக்கு வந்தது 1975-இல். "ஃபேர்" என்ற சொல் அதன் பெயரில் இருந்து எடுக்கப்பட்டது 2020-இல். இடையில் 45 ஆண்டுகள், கிட்டத்தட்ட இரண்டு தலைமுறை.

இனி மஞ்சள் வழக்கு. 1995 மார்ச்சில் அமெரிக்க அரசு 5,401,504 என்ற எண்ணுள்ள காப்புரிமையை மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்குக் கொடுத்தது. எதற்கு? மஞ்சள் தூளைக் கொடுத்துப் புண்ணை ஆற்றும் முறைக்கு. நம்புங்க, அதேதான். முழங்காலில் அடிபட்டு வந்த பிள்ளைக்கு அம்மா அடுப்படியில் இருந்து எடுத்துவந்து வைப்பாரே, அது. விண்ணப்பித்த ஆய்வாளர் இருவருமே இந்திய வம்சாவளியினர் என்பது இன்னொரு வேடிக்கை.

இந்தியாவின் அறிவியல், தொழில்துறை ஆராய்ச்சிக் கழகம் இதை எதிர்த்தது. அப்போது அதன் தலைவர் ஆர்.ஏ. மஷேல்கர். "எங்கள் பாட்டிக்கு இது தெரியும்" என்று சொன்னால் காப்புரிமை அலுவலகம் கேட்காது. எழுத்தில் இருக்க வேண்டும், அச்சில் வந்திருக்க வேண்டும். ஆகவே தேடினார்கள். பழைய நூல்களும், 1953-இல் இந்திய மருத்துவச் சங்க இதழில் வந்த ஒரு கட்டுரையும் உட்பட 32 சான்றுகளைக் கொண்டுபோய் வைத்தார்கள். 1997 ஆகஸ்ட்டில் காப்புரிமைக் கோரிக்கைகள் நிராகரிக்கப்பட்டன. இதே போல வேப்பெண்ணெயைக் கொண்டு பூஞ்சையைக் கட்டுப்படுத்தும் முறைக்கு ஐரோப்பாவில் கொடுத்த காப்புரிமையும் 2000-இல் ரத்தானது. மேல்முறையீடும் 2005-இல் தோற்றது.

இந்த வழக்குகளுக்குப் பிறகுதான் இந்தியா பாரம்பரிய அறிவுக்கான மின்நூலகம் ஒன்றை உருவாக்கியது. ஆயுர்வேதம், யுனானி ஆகியவற்றோடு சித்த மருத்துவமும் அதில் இருக்கிறது. தமிழில் இருந்த மருந்துக் குறிப்புகள் ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன், ஜப்பானியம், ஸ்பானியம் ஆகிய மொழிகளுக்கு மாற்றப்பட்டன. தமிழ் படித்தால் என்ன வேலை கிடைக்கும் என்று கேட்கும் மாணவனுக்கு நான் சொல்லும் பதில்களில் இதுவும் ஒன்று. பழைய தமிழை வாசிக்கத் தெரிந்தவன் ஒரு காப்புரிமையையே தடுத்து நிறுத்தலாம்.

இவ்வளவும் "இயற்கை" பற்றியது. ஆனால் கடையில் எழுதியிருப்பது "ஆர்கானிக்". இரண்டும் ஒன்றா? இல்லை. இங்கேதான் கட்டுரைகள் பெரும்பாலும் சறுக்குகின்றன.

ஆர்கானிக் என்ற சொல் முகத்தைப் பற்றியதாகத் தொடங்கவில்லை, மண்ணைப் பற்றியதாகத் தொடங்கியது. ஆல்பர்ட் ஹோவர்ட் என்ற ஆங்கிலேயத் தாவரவியலாளர் இந்தியாவில் பூசாவிலும் இந்தூரிலும் பல ஆண்டுகள் வேலை செய்தார். இந்திய விவசாயிகள் இலைதழையையும் சாணத்தையும் மண்ணுக்குத் திருப்பிக் கொடுப்பதைக் கவனித்து, இந்தூர் முறை என்ற உர முறையை வகுத்தார். 1940-இல் அவருடைய நூல் வெளிவந்தது. அதே ஆண்டில் நார்த்போர்ன் பிரபுவின் நூல் ஒன்றும் வந்தது. "ஆர்கானிக் விவசாயம்" என்ற தொடர் பரவியது அதன் வழியாகத்தான். செயற்கை உரமும் பூச்சிக்கொல்லியும் களைக்கொல்லியும் இல்லாமல் விளைவிப்பது என்பதே பொருள். நம் நாட்டிலும் வேளாண் துறை தரும் மைஆர்கானிக் சான்றிதழ் பண்ணைகளுக்கானது. முகப்பூச்சுக்கு அது பொருந்தாது. ஒரு புட்டியில் ஆர்கானிக் என்று எழுதியிருந்தால், அது சரியாகவே எழுதப்பட்டிருந்தாலும், அது சொல்வது வயலைப் பற்றி மட்டும்தான். உள்ளே இருப்பது உங்கள் தோலுக்கு ஒத்துக்கொள்ளுமா என்பதற்கு அந்தச் சொல்லில் பதில் கிடையாது.

அப்படியானால் நன்மை யாருக்கு? இந்தக் கேள்வியை எழுதச் சொல்லித்தான் நான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

சவர்க்காரத்தின் பின்பக்கத்தைப் பாருங்கள். சோடியம் பால்மேட் என்று இருக்கும். அது செம்பனை எண்ணெயும் காரமும் சேர்ந்து உண்டாவது. மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் எங்கே தெரியுமா? நம் சிலாங்கூரில், பத்தாங் பெர்ஜுந்தைக்குப் பக்கத்தில் உள்ள தென்னமாரம் தோட்டம். 1917-இல் ஆரி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர் நட்டது. அவர் பின்னாளில் மலாயாவைப் பற்றி எழுதிய நாவலுக்கு 1930-இல் பிரான்சின் கோன்கூர் பரிசு கிடைத்தது. ஆனால் அந்த மரங்களுக்குக் கீழே குனிந்து நின்றவர்களில் பெரும் பங்கு நம்மவர்கள். பால்மரம் போய்ச் செம்பனை பரவப் பரவ, லயத்துப் பெண்களுக்கு ஒரு புது வேலை வந்தது: மருந்தடிப்பு. முதுகில் டப்பாவைச் சுமந்துகொண்டு, மரத்தைச் சுற்றியுள்ள களைகளுக்கு மருந்து தெளிப்பது. "மருந்து" என்றுதான் தோட்டத்தில் சொல்வோம். தமிழில் விஷத்துக்கு மருந்து என்று பெயர் வைத்த இடம் அது.

அந்த மருந்துகளில் ஒன்று பாராக்குவாட். கொஞ்சம் விழுங்கினாலே உயிர் போகும், முறிமருந்து கிடையாது. தோலில் பட்டால் எரிச்சல், கொப்புளம். கை ஈரமாகவே இருந்தால் நகம் நிறம் மாறி, பிளந்து, கழன்றும் விழும். 2002-இல் தெனாகானித்தா அமைப்பும் ஆசிய பசிபிக் பூச்சிக்கொல்லிச் செயல்பாட்டு வலையமைப்பும் சேர்ந்து, தோட்டப் பெண்கள் இந்த நஞ்சுகளால் படும் பாட்டை ஓர் ஆய்வாக வெளியிட்டன. அதே ஆண்டு அரசாங்கம் பாராக்குவாட்டைத் தடை செய்வதாக அறிவித்தது. 2006-இல் தடை தளர்த்தப்பட்டது. முழுத் தடை நடப்புக்கு வந்தது 2020 சனவரி 1-இல். நடுவில் போன ஆண்டுகளை நீங்களே கழித்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கிள்ளான் பள்ளத்தாக்கில் இன்று நம் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பல பிள்ளைகளின் பாட்டிமார் அந்த வேலை செய்தவர்கள். ஆர்கானிக் பொருளால் காப்பாற்றப்படும் முதல் தோல் அதை வாங்கிப் பூசுபவருடையது இல்லை, அதை விளைவித்தவருடையது. களைக்கொல்லி இல்லாத தோட்டத்தில் கை நகம் கழன்று விழாது. "பக்க விளைவு இல்லை" என்ற அந்தப் பழைய வாக்கியத்துக்கு உண்மையான பொருள் இங்கேதான் கிடைக்கிறது. ஆனால் விளம்பரத்தில் அந்தப் பெண்ணின் கையை யாரும் காட்டமாட்டார்கள்.

பூசுபவருக்கு நன்மையே இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு. செயற்கை வாசனைப் பொருள் சிலருக்குத் தோலை அரிக்கும். அது இல்லாத பொருள் அவர்களுக்கு நிம்மதி. ஆனால் வேம்பும் எலுமிச்சையும் வாசனை எண்ணெய்களும்கூடச் சிலருக்கு ஒவ்வாமை தரும். எலுமிச்சைச் சாறு பூசிக்கொண்டு வெயிலில் போனால் தோல் கருகியது போலத் தழும்பு வரும். எருக்கம்பால் நூற்றுக்கு நூறு இயற்கைதான், யாராவது முகத்தில் பூசுவார்களா?

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று நம் மாணவிகளின் கைப்பேசியிலேயே இருக்கிறது. "மூலிகை", "இயற்கை" என்ற பெயரில் இணையத்தில் விற்கும் வெள்ளையாக்கும் களிம்புகளில் பாதரசம் இருப்பதைச் சுகாதார அமைச்சின் கீழ் உள்ள தேசிய மருந்தக ஒழுங்குமுறை நிறுவனம் மறுபடி மறுபடி கண்டுபிடித்து, அந்தப் பொருள்களின் பெயரை வெளியிட்டு வருகிறது. ஹைட்ரோகுவினோன், டிரெட்டினோயின் என்ற மருந்துப் பொருள்களும் அப்படி மறைத்துக் கலக்கப்படுகின்றன. பாதரசம் தோலில் நிறமி உருவாவதைத் தடுக்கும். அதனால் முதல் சில வாரங்கள் "வேலை செய்யுது" என்றே தோன்றும். பிறகு சிறுநீரகத்தையும் நரம்பையும் பிடிக்கும். பூசியவர் துண்டைப் பயன்படுத்தும் தம்பி தங்கைக்கும் பரவும். ஜப்பானின் மினமாத்தா ஊரில் பாதரசத்தால் மக்கள் பட்ட துயரத்தின் பெயரைத் தாங்கி, 2013-இல் உலக நாடுகள் ஓர் உடன்படிக்கை செய்தன. பாதரசம் சேர்த்த அழகுப் பொருள்கள் 2025-க்குள் ஒழிய வேண்டும் என்று 2023-இல் அதைக் கடுமையாக்கினார்கள்.

எப்படிக் கண்டுபிடிப்பது? நம் நாட்டில் விற்கும் எந்த அழகுப் பொருளும் அந்த நிறுவனத்திடம் அறிவிக்கப்பட்டிருக்க வேண்டும். அதன் எண் என், ஓ, டி என்ற மூன்று எழுத்துகளில் தொடங்கி, கே என்ற எழுத்தில் முடியும். நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் அந்த எண்ணைத் தட்டிப் பார்க்கலாம். எண் இல்லை என்றாலோ, தட்டினால் வேறு பொருளின் பெயர் வந்தாலோ, வாங்க வேண்டாம். எண் இருப்பது அது ஆர்கானிக் என்பதற்குச் சான்று இல்லை, யார் பொறுப்பு என்பதற்கான சான்று. "தங்க, வெள்ளி நகையில் படக்கூடாது" என்று டப்பாவில் எழுதியிருந்தால் உடனே கீழே வையுங்கள். பாதரசம் உலோகத்தோடு ஒட்டும் என்பதால் வரும் எச்சரிக்கை அது. அறிவிக்கப்படாத பொருளை விற்கும் தனிநபருக்கு முதல் குற்றத்துக்கே 25,000 ரிங்கிட் வரை அபராதமோ 3 ஆண்டு வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். புலனத்தில் சின்னதாக வியாபாரம் தொடங்கியிருக்கும் படிவம் 5 பிள்ளைகளுக்கு இதைக் கட்டாயம் சொல்லுங்க.

ஆசிரியர்களுக்கு ஒரு வகுப்பறைப் பயிற்சி. மாணவர்களிடம் வீட்டில் இருக்கும் சவர்க்காரம், களிம்பு, பொடி ஏதாவது ஒன்றின் பின்பக்கத்தைப் படம் எடுத்துவரச் சொல்லுங்கள். பொருள்களின் பெயர்கள் பெரும்பாலும் லத்தீனில் இருக்கும். குர்குமா லாங்கா என்றால் மஞ்சள். சந்தாலம் ஆல்பம் என்றால் சந்தனம். அசாடிராக்டா இண்டிகா வேம்பு, எலாயிஸ் கினீன்சிஸ் செம்பனை, கோகோஸ் நூசிஃபெரா தேங்காய். குழுவாக உட்கார்ந்து ஒவ்வொன்றுக்கும் தமிழ்ப் பெயரை எழுதட்டும். அதன் பக்கத்தில் இன்னொரு பத்தி போட்டு, அதை எந்த நாட்டில், எந்த மாதிரித் தோட்டத்தில், யார் பறித்திருப்பார்கள் என்று தேடி நிரப்பட்டும். நிரப்ப முடியாத கட்டங்களை வெற்றிடமாகவே விடச் சொல்லுங்கள். கட்டுரையை அந்தக் கட்டங்களில் இருந்து தொடங்கலாம்.